டாக்டர் என்னை ஏன் வெளியே உட்காரச் சொன்னார்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. மூன்று மாதமாக அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்கிறாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். பத்து நிமிடம் எங்கள் இருவரிடமும் பேசினார். அப்புறம், "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க" என்றார். இருபது நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அது எங்களுக்குள் இருக்கட்டும், ஆபத்தான விஷயம் என்றால் கட்டாயம் உங்களிடம் சொல்வேன்" என்கிறார். பெற்று வளர்த்தவளுக்குத் தெரியக்கூடாதது என்ன இருக்கிறது? இது சரிதானா? வீட்டுக்கு வந்தும் அவள் வாயே திறக்கவில்லை. நான் இனி அவளிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

உங்கள் கோபம் புரிகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டராக எத்தனையோ அம்மா அப்பாக்களை நானும் இதே மாதிரி வெளியே உட்கார வைத்திருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்காக ஒரு முறை நானே வெளியே உட்கார்ந்தேன். கதவு சாத்தியதும் மனசு என்ன பாடுபடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை நாலு தடவை படித்தேன். ஒரு வரி கூட மண்டையில் ஏறவில்லை.

ஆனாலும் அந்த டாக்டர் செய்தது சரி. 15 வயதுப் பெண் மூன்று மாதமாக வயிற்று வலி என்று வருகிறாள், அவளிடம் ஒரு நிமிடம் கூடத் தனியாகப் பேசாமல் மாத்திரை எழுதி அனுப்பியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இந்த வயதில் வயிற்று வலியும் தலைவலியும் பல சமயம் ஒரு நுழைவுச்சீட்டு மாதிரி. வலி பொய் என்று சொல்லவில்லை, வலி உண்மையாகவே இருக்கும். மனம் அழுத்தத்தில் இருக்கும்போது குடல் வேறு மாதிரி இயங்குகிறது, சாதாரண அசைவைக்கூட மூளை வலியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் "எனக்குப் பயமாக இருக்கிறது", "வகுப்பில் என்னை ஒதுக்குகிறார்கள்", "மாதவிடாய் தள்ளிப்போய்விட்டது" என்று சொல்லி யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்வதில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், கேட்க வேண்டியதை யாரும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காததுதான்.

அம்மா பக்கத்தில் இருந்தால் ஏன் சொல்லமாட்டார்கள்? நீங்கள் கண்டிப்பான அம்மா என்பதால் என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நான் பார்த்தவரை, அன்பான வீட்டுப் பிள்ளைகள்தான் சில சமயம் அதிகம் மறைக்கிறார்கள். "அம்மா தாங்கமாட்டாங்க, டாக்டர்" என்பது அந்த அறைக்குள் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம். திட்டுவார்கள் என்ற பயத்தைவிட, உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் பெரியது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் 562 உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு, ஒரு டாக்டர் பேசுவது போன்ற ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குப் போட்ட பதிவில் ரகசியம் காப்பது பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் போட்டதில் அதைத் தெளிவாகச் சொன்னார். பாலுறவு, போதை, மனநிலை பற்றி இந்த டாக்டரிடம் பேசுவேன் என்றவர்கள் முதல் வகையில் 39 சதவீதம், இரண்டாம் வகையில் 46.5 சதவீதம். மறுபடியும் வருவேன் என்றவர்கள் 53லிருந்து 67 சதவீதமானார்கள். அதாவது வாக்குக் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் வாயைத் திறக்கப்போவதில்லை. கொடுக்காவிட்டால் இன்னும் குறைவு. உங்கள் மகள் இருபது நிமிடம் உள்ளே இருந்தாள் என்பதே எனக்கு நல்ல செய்தியாகப் படுகிறது. பேசாத பிள்ளை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? உங்கள் மகள் சொன்னது எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் கேட்டிருக்கக்கூடியது ஓரளவு தெரியும், ஏனென்றால் எங்களில் பலரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறோம். சியாட்டிலில் ஹார்வி பெர்மன் என்ற டாக்டர் 1972இல் இதற்கு ஒரு சட்டகம் போட்டார். 1988இல் அது செம்மையான வடிவில் அச்சானது. கேட்கும் தலைப்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹெட்ஸ்' என்று பெயர். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப்பொருள், பாலுறவு, கடைசியாக மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். பின்னால் உணவு, பாதுகாப்பு என்ற இரண்டும் சேர்ந்தன.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எளிதில் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கிக் கடினமானதுக்குப் போகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யாரோடு அதிகம் பேசுவாய் என்று ஆரம்பிக்கும்போது பிள்ளை நம்மை எடைபோடுகிறது. நாம் உண்மையிலேயே கேட்கிறோமா, கணினியைப் பார்த்துத் தட்டிக்கொண்டே தலையாட்டுகிறோமா என்று பார்க்கிறது. நடுவில் வருகிற 'பொழுதுபோக்கு' சும்மா இட்டுநிரப்ப வைத்த தலைப்பு என்று புதிய டாக்டர்கள் நினைத்துத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய துப்பு. ஆறு மாதம் முன்பு வரை படம் வரைந்துகொண்டிருந்த பெண் இப்போது வரைவதே இல்லை என்றால், மனச்சோர்வு பற்றிய பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது.

போதை பற்றிக் கேட்கும்போது "நீ சிகரெட் பிடிப்பியா?" என்று நான் கேட்பதில்லை. "உன் வயசுப் பிள்ளைங்க சில பேர் சிகரெட், குடி எல்லாம் பழகிப் பார்க்கிறாங்க. உன் வகுப்புல அப்படி யாராவது இருக்காங்களா?" என்று தொடங்குவேன். அடுத்தது, "உன் சிநேகிதங்க?" அதற்கு அடுத்ததுதான் "நீ?" மூன்று படி. அதேபோல, பெண்ணிடம் "பாய்ஃபிரண்ட் இருக்கானா?" என்று கேட்டால் ஒரே கேள்வியில் இரண்டு கதவுகள் சாத்திக்கொள்ளும். பெண்களைப் பிடிக்கும் பெண் அங்கேயே மௌனமாகிவிடுவாள், விருப்பமில்லாமல் ஒருவனிடம் மாட்டிக்கொண்டவளும் "இல்லை" என்றுதான் சொல்வாள். "யாரையாவது பிடிச்சிருக்கா? யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி நடந்துக்கறாங்களா?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகவே கேட்போம். இதைச் சொன்னாலே பெற்றோர்கள் பதறிப்போகிறார்கள், "இல்லாத எண்ணத்தை நீங்களே விதைச்சுடாதீங்க" என்று. நியாயமான பயம்தான். ஆனால் அப்படி நடப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப்பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள், 2005இல் முடிவு வெளிவந்தது. தற்கொலை பற்றிய கேள்விகளைப் பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் மனக்கலக்கத்தில் வித்தியாசமில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கூட அந்தக் கேள்வியால் கலக்கம் கூடவில்லை. என் அனுபவத்திலும், அந்தக் கேள்வியைக் கேட்டதும் சில பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள். ஒருவராவது வாய்விட்டுக் கேட்டாரே என்று.

இப்போது உங்களை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். "ஆபத்தான விஷயம் என்றால் சொல்வேன்" என்று டாக்டர் சொன்னாரே, எது ஆபத்து, யார் தீர்மானிப்பது?

பொதுவாக மூன்று எல்லைகள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, பிள்ளையால் இன்னொருவருக்கு ஆபத்து, பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் அல்லது தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது. இவற்றில் எது வந்தாலும் ரகசியம் அங்கே நிற்காது. மூன்றாவது விஷயத்தில், அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. எந்த வயது வரை, எந்தெந்தச் சூழலில் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்த எல்லைகளை டாக்டர் உங்கள் மகளிடம் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நல்ல டாக்டர்கள் அம்மா, மகள் இருவரும் அறையில் இருக்கும்போதே சொல்லிவிடுவார்கள், அப்போது யாருக்கும் எதுவும் மறைவாகத் தெரியாது. உங்களிடம் அதை வெளியே வந்த பிறகு சொன்னார் என்றால், அது மட்டும் அவர் பக்கம் ஒரு குறை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். பேசவே பேசாத ஒரு பையனிடம், வாயைத் திறக்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "நீ என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பினான். வீட்டுக்கு வந்துபோகும் ஒருவர் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று சொன்னான். சொல்லாமல் இருக்கும் உரிமை எனக்கு இல்லை, சொன்னேன். அது அவனைக் காப்பாற்றியது என்பது உண்மை. அவன் அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் உண்மை. மேலே சொன்ன 1997 ஆய்விலேயே இன்னொரு எண் இருக்கிறது. ரகசியம் காப்பதாகச் சொன்ன பதிவிலேயே இரண்டு விதம் இருந்தது. எல்லை எதுவும் சொல்லாமல் முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்தபோது, மறுபடி வருவேன் என்றவர்கள் 72 சதவீதம். எல்லைகளைச் சொன்னபோது 62. அந்தப் பத்து சதவீதத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நானும் அன்று விழுந்தேன். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து வாங்கிய நம்பிக்கை, பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் நாளில் உடைகிறது. இன்றைக்கு, குறைவாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியாத விஷயங்கள்தான் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுப்பவை. சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல், மனவலி தாங்காமல் கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை. எப்போதாவது பீர் குடிக்கும் பிள்ளை. வாந்தி எடுத்து எடை குறைக்கும் பிள்ளை. இவற்றுக்கு வாய்ப்பாடு கிடையாது. எவ்வளவு நாளாக, எவ்வளவு தீவிரமாக, அடுத்த முறை வருவாளா, வீட்டில் தெரிந்தால் நிலைமை சீராகுமா மோசமாகுமா என்று எடைபோட வேண்டும். சில சமயம் தவறாகவும் எடைபோடுவோம். ஒரு 15 வயதுப் பெண் தன் வயதுப் பையனைப் பிடிக்கும் என்கிறாள், இன்னொருத்தி முப்பது வயது ஆளைப் பிடிக்கும் என்கிறாள் என்றால், இரண்டும் காதல்தான் என்று அவர்கள் சொன்னாலும் நான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தால், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோருக்கு போன் போடக்கூடாது. முதலில் பிள்ளையிடம், "இதை அம்மாகிட்ட சொல்லாம இருக்க முடியாது. எப்படிச் சொல்லலாம்னு நீ முடிவு பண்ணு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, சேர்ந்து சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். அப்பாவிடமா அம்மாவிடமா, எந்தச் சொல்லில், எவ்வளவு என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னால் போதும். தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று சொல்லும்போது, அவள் யாரை விரும்பினாள் என்ற கதையையும் சேர்த்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

பெற்று வளர்த்தவளின் உரிமை என்று கேட்டீர்கள். இதே கேள்வியை ஓர் அம்மா நாட்டின் உச்ச நீதி பீடம் வரை கொண்டுபோயிருக்கிறார். பிரிட்டனில் 1980இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. 16 வயதுக்குக் குறைந்த பெண் கருத்தடை ஆலோசனை கேட்டு வந்தால், விதிவிலக்கான சூழலில் பெற்றோருக்குத் தெரிவிக்காமலும் டாக்டர் கொடுக்கலாம் என்று. விக்டோரியா கில்லிக் என்ற தாய் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார், 1985இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார். எவ்வளவு நெருக்கமான கணக்கு பாருங்கள், சட்டம் படித்தவர்களுக்கே இது எளிதான கேள்வி இல்லை. பெற்றோரின் உரிமை பிள்ளையின் நன்மைக்காக இருப்பது, பிள்ளை அந்த விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அடையும்போது அந்த உரிமை வழிவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம். அங்கே இன்றும் டாக்டர்கள் 'கில்லிக் தகுதி' என்றுதான் பேசுகிறார்கள். தோற்ற அம்மாவின் பெயரே அந்த விதிக்கு நிலைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிற பலர் ஒரு பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான ஃபிரேசர் பிரபு டாக்டர்களுக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, பெற்றோரிடம் சொல்லும்படி அந்தப் பெண்ணை இணங்கவைக்க முடியவில்லை என்பது. அப்படியென்றால் டாக்டர் முதலில் இணங்கவைக்க முயன்றிருக்க வேண்டும். உங்கள் டாக்டரும் உள்ளே அந்த முயற்சியைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார் என்பது என் ஊகம். நான் தனியாகப் பேசிய நேரத்தில் பாதி, "இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்லலாம்?" என்ற ஒத்திகையிலேயே போயிருக்கிறது.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. 16ஆம் பிரிவு பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கிறது. 5ஆம் பிரிவு, வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்றபடி பிள்ளைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் மதிக்கச் சொல்கிறது. 'வளர்ந்துவரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே பிள்ளைக்கு முகப்பரு மருந்து பற்றி முடிவெடுக்கும் முதிர்ச்சி இருக்கலாம், அறுவை சிகிச்சை பற்றி இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் வாழும் நாட்டில் எந்த வயதில் எதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று டாக்டரிடமே கேளுங்கள், அதைச் சொல்வது அவர் கடமை.

இன்னொன்று உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் உள்ளே எங்கோ இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பெரியவர் என் மகளோடு கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசலாமா? அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். அதனால் ஒரு வித்தியாசத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இந்த ரகசியம் டாக்டரின் வாயைக் கட்டுகிறது, உங்கள் மகளின் வாயைக் கட்டவில்லை. அறைக்குள் நடந்தது அத்தனையையும் அவள் உங்களிடம் சொல்லலாம், ஒரு தடையும் இல்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பெரியவர் பிள்ளையிடம் சொன்னால், அவர் டாக்டரானாலும் ஆசிரியரானாலும் சொந்தக்காரரானாலும், அது வேறு விஷயம். உடனே உங்களிடம் ஓடிவர வேண்டிய விஷயம். தனியாகப் பேசுவது வேறு, உடலைப் பரிசோதிப்பது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். உடல் பரிசோதனையின்போது நீங்களோ ஒரு செவிலியரோ துணைக்கு இருக்கும்படி அவள் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். நல்ல டாக்டர் கேட்காமலே ஏற்பாடு செய்வார்.

வேடிக்கை என்னவென்றால், ரகசியம் பெரும்பாலும் டாக்டரின் வாயால் வெளியே போவதில்லை. பரிசோதனை முடிவு வீட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். ரசீதில் பரிசோதனையின் பெயர் அச்சாகியிருக்கும். வரவேற்பில் இருப்பவர், காத்திருப்பவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி "எதுக்கும்மா வந்திருக்கே?" என்பார். மருத்துவப் பதிவைப் பெற்றோர் தங்கள் மொபைலிலேயே திறந்து படிக்கும் வசதி இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பதிவு கையில் கிடைத்தால், திறக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி வீட்டில் என்ன செய்வது?

அன்றைக்கு வரும் வழியில் "என்ன கேட்டார்? நீ என்ன சொன்னே?" என்று கேட்டிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். அடுத்த முறை வேண்டாம். "உள்ளே பேசினது உன்னோட விஷயம். எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு. சொல்லாட்டியும் கோபமில்லை" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் கொண்டுபோங்கள். மூன்று நாள் கழித்து, தூங்கப்போகும் நேரத்தில், நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காதபோது பேச்சு வரும். இந்த வயதுப் பிள்ளைகள் எதிரில் உட்கார வைத்து முகம் பார்த்துக் கேட்டால் பேசமாட்டார்கள். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு பேசுவார்கள். கண்ணைப் பார்க்க வேண்டியிராத நேரங்கள் அவை.

பேச ஆரம்பித்துவிட்டால், முதல் ஐந்து நிமிடம்தான் உங்களுக்குப் பரீட்சை. முகத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பது நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். "நான் சும்மா கேட்கணுமா, ஏதாவது செய்யணுமா?" என்று கேட்பது எனக்குத் தெரிந்து மிகவும் பலன் தரும் ஒரே கேள்வி. பெரும்பாலும் "சும்மா கேளு" என்றுதான் பதில் வரும். நமக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

"அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் சொல்வேன்" என்று ஆரம்பித்தால் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து இல்லாத வரைக்கும் உன்னைக் கேட்காம யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்பதைத் தாண்டி ஒரு சத்தியமும் வேண்டாம். அந்த அளவுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுங்கள். மகள் சொன்னதை மறுநாள் தன் தங்கையிடம் போனில் சொல்லி ஆறுதல் தேடிய அம்மாக்கள் உண்டு. அடுத்த அறையில் இருந்த பிள்ளை கேட்டுவிடும். அதோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அந்தச் சித்தியிடமே நேரடியாகப் பேச மகளுக்குப் பிடிக்கும் என்றால், அது நல்ல வழி. "என்கிட்ட சொல்ல முடியாதது இருந்தா சித்திகிட்ட சொல்லு, நான் அவகிட்ட துருவமாட்டேன்" என்று சொல்லிவையுங்கள், அப்புறம் உண்மையிலேயே துருவாதீர்கள்.

அவள் மொபைலை, டைரியை எடுத்துப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உயிர் பயம் வந்தால் பார்க்கலாம், அதையும் பிறகு அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் சந்தேகத்துக்குப் பார்க்காதீர்கள். கிடைப்பது பாதித் தகவல்தான். அதைக் கேட்கவும் முடியாது, கேட்டால் எப்படித் தெரிந்தது என்ற சண்டையில் விஷயம் தொலைந்துபோகும்.

இதில் எதற்கும் காத்திருக்கக்கூடாத நேரமும் உண்டு. தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்ற மாதிரி பேசுவது, விரும்பி வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பல நாளாக வாடியிருந்தவள் திடீரென்று காரணமே இல்லாமல் அமைதியாவது, கையை எப்போதும் மூடியே வைத்திருப்பது, சாப்பாட்டை ஒளித்துவைப்பது. இவற்றில் எதையாவது பார்த்தால் அந்தரங்கம் என்று தயங்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று அதே சொல்லில் கேளுங்கள். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடமோ அவசர சிகிச்சைக்கோ கூட்டிப்போங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

டாக்டரோடு உங்களுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அவள் சொன்னதை அவர் உங்களிடம் சொல்லக்கூடாதே தவிர, நீங்கள் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வீட்டில் நீங்கள் கவனித்ததை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் மகளுக்குத் தெரிந்தே சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிடக்கூடாது.

அப்புறம் அந்த வயிற்று வலி. மனசு, ரகசியம் என்று பேசிக்கொண்டே போனதில் வலியை விட்டுவிடக்கூடாது. சில டாக்டர்களும் இதில் வழுக்கி விழுவது உண்டு, மன அழுத்தம் என்று எழுதிவிட்டு வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் வருகிறதா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா, உயரம் கூடுவது நின்றுவிட்டதா, மாதவிடாய் நாள்களோடு வலி சேர்ந்து வருகிறதா? இவற்றைப் பற்றிக் கேட்டாரா, என்ன பரிசோதனை செய்தார், ஏன் செய்யவில்லை என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். இரவு எத்தனை மணிக்கு எழுந்தாள், போன வருட உடை இப்போது எவ்வளவு தொளதொளக்கிறது என்பதெல்லாம் அந்த அறைக்குள் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். முதல் பத்து நிமிடத்தில் அதைச் சொல்லிவிட்டு, டாக்டர் கேட்கும் முன் நீங்களே எழுந்து, "நான் வெளியே இருக்கேன், வேணும்னா கூப்பிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.